உமிக்கும் எடை போடுறாங்க, தம்பி!

தலைக்கு வலைத் தொப்பி. வாய்க்கு மறைப்பு. செருப்புக்கு மேல் நீல நிறத்தில் ஒரு பாலித்தீன் உறை. என் கோலத்தைப் பார்த்ததும் அத்தாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆபரேஷனுக்குப் போற டாக்டர் மாதிரி இருக்கீங்க தம்பி. கத்தி ஒண்ணுதான் குறைச்சல்" என்றார். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், குறுகுறுப்பு இன்னொரு பக்கம். கூத்து மேடைக்குப் பின்னால் ராஜா வேஷக்காரர் அரிதாரம் பூசுவதை ஓலைத் தட்டி இடுக்கு வழியாகப் பார்க்கிற பையனுக்கு என்ன குறுகுறுப்போ, அதே.

இடம், தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலை. தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம். இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் எல்லாரும் நிஃப்டெம் என்கிறார்கள். உணவுத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக அதற்குள் ஒரு இன்குபேஷன் மையம் இருக்கிறது. தமிழில் தொழில் வளர்காப்பகம், அடைகாப்பு மையம் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அத்தாச்சி இரண்டையும் ஒதுக்கிவிட்டு "அந்த மிஷின் காலேஜ்" என்கிறார். மூன்றில் அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அத்தாச்சி என்றால் என் பெரிய அத்தை மகள். நன்னிலத்துக்காரி. பெயரைப் போட்டால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லியிருப்பதால் பெயர் வேண்டாம். மாமா போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகையில் கஞ்சி மாவு தயாரிக்கிறார். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, முளைகட்டிய பச்சைப் பயறு, வறுத்த உளுந்து, கொஞ்சம் சுக்கு. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, திருவாரூரில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் நீடாமங்கலம் வழியாகத் தஞ்சாவூர் வந்து சேர்கிற வரைக்கும் மடியில் இருந்த மஞ்சப்பையை அவர் கீழே வைக்கவில்லை. உள்ளே பழுப்புக் காகிதப் பைகளில் ஐந்து கிலோ மாவு. பையின் மேல் பச்சை மையில் ஒரு நெற்கதிர், கீழே 'பிளாஸ்டிக் இல்லாதது' என்று ஒரு வரி. அந்த வரியில் அவருக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. அந்த வரிதான் அன்று அடி வாங்கப்போகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

உள்ளே போவதற்கு முன் ஒரு கோழிக் கதை.

இன்குபேட்டர் என்ற சொல் தொழிலோடு ஒட்டிக்கொண்டது 1959-ல். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், பட்டேவியா என்றொரு சிறிய ஊர். அங்கே விவசாய இயந்திரங்கள் செய்த மாஸி-ஹாரிஸ் ஆலை மூடிவிட்டது. ஊரில் வேலை போனது. உள்ளூர் மான்குசோ குடும்பம் அந்தப் பெரிய கட்டடத்தை வாங்கியது. மொத்தமாக வாடகைக்கு எடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஜோசப் மான்குசோ அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, சின்னச் சின்னத் தொழில்களுக்கு இடம் கொடுத்து, ஆலோசனை சொல்லி, பணம் புரட்டவும் வழிகாட்டினார். முதலில் குடிவந்தவர்களில் கோழிக்குஞ்சு நிறுவனம் ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்த வேடிக்கையில்தான் 'நாமும் குஞ்சுதானே பொரிக்கிறோம்' என்கிற பொருளில் இன்குபேட்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டு வாத்து லேசில் அடையில் உட்காராது. முட்டையை இட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். அதனால் வாத்து முட்டையை அடைக்கோழிக்குக் கீழே வைப்பார்கள். குஞ்சு பொரிந்து நேரே குட்டையில் இறங்கும்போது கோழி கரையில் நின்று கத்தும் பாருங்கள்! மிஷின் காலேஜின் வேலையும் ஏறக்குறைய அதுதான். முட்டை அத்தாச்சியுடையது. சூடு அவர்களுடையது. குட்டையில் அத்தாச்சி தனியாகத்தான் நீந்தியாக வேண்டும்.

இன்னொரு சங்கதி, எங்கள் ஊர்ப்பக்கம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள. இந்த நிஃப்டெம் பிறந்தது தஞ்சாவூரில் இல்லை, எங்களுக்குப் பக்கத்துத் திருவாரூரில். 1967-ல், கூட்டுறவு நவீன அரிசி ஆலையை ஒட்டி ஒரு சிறு ஆய்வுக்கூடமாக ஆரம்பித்தது. அடைமழையில் நனைந்த குறுவை நெல் களத்தில் கிடந்து முளைத்துப்போகிற ஊர் அல்லவா! ஈர நெல்லோடு உப்பும் உமியும் கலந்து கெடாமல் காப்பாற்றுவது எப்படி என்பதெல்லாம் அந்தக் கூடத்தில் பார்த்த வேலை. பிறகு அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஆனது. இடம் மாறித் தஞ்சாவூருக்குப் போனது. 2008-ல் பயிர் பதன நிறுவனம், 2017-ல் உணவு பதன நிறுவனம், 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். வாசல் பலகையில் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே அடித்தளத்தில் இருப்பது நெல்.

திருவாரூரில் அவர்கள் கண்ட ஒன்றைப் பாடப் புத்தகங்களிலேயே பார்க்கலாம்: அழுத்த முறையில் நெல் புழுக்குவது. பழைய முறையில் நெல்லைத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ரைஸ்மில் தெருவில் வளர்ந்த எவருக்கும் அந்தத் தண்ணீரின் நாற்றம் மூக்கை விட்டுப் போகாது. திருவாரூர் முறையில் 85 முதல் 90 டிகிரி வெந்நீரில் 40 நிமிடம் ஊறல், பிறகு அழுத்தத்தில் 18 நிமிடம் ஆவி. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நாள் கணக்கில் தண்ணீரைப் புளிக்கவிட்டு வாய்க்காலில் திறந்துவிடும் அவசியம் இல்லை. இதைக் கண்டபோது யாரும் 'நீடித்த வளர்ச்சி' என்று பேசிக்கொண்டிருக்கவில்லை. நாற்றம் போக வேண்டும், நேரம் மிச்சமாக வேண்டும், அவ்வளவுதான் கவலை.

சரி, கதவு திறந்துவிட்டது.

முதலில் காதுக்குத்தான் தெரிகிறது. உமி நீக்கும் இயந்திரத்தின் ரப்பர் உருளைகள் ஒரு சுருதி, சல்லடை குலுங்குவது இன்னொரு சுருதி, காற்றாடி மூன்றாவது. ஒன்றோடொன்று சேரவே சேராத மூன்று நாதஸ்வரம். அப்புறம் மூக்கு. எங்கோ ஒரு மூலையில் பிஸ்கட் வேகிற வாசனை, இந்தப் பக்கம் வறுத்த தானியம். அத்தாச்சி என் முழங்கையைப் பிடித்து இழுத்து இழுத்துக் காட்டுகிறார்: "அங்க பாருங்க தம்பி, அந்தத் தட்டு அடுக்கி வச்சிருக்கிற டிரையர்! அதுல ஒண்ணு நம்ம கொட்டகைல இருந்தா ஐப்பசி மழை என்னைய என்ன பண்ணும்?" திருவிழாக் கடைத்தெருவில் வளையல் கடையைப் பார்த்த பெண் பிள்ளை மாதிரி ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் நிற்கிறார். வாங்குகிற விலையில் எதுவும் இல்லை. அதற்காகத்தானே இந்த மையங்கள் இருக்கின்றன: வாங்காமலே ஓட்டிப் பார்க்கலாம். நம் சரக்கைக் கொண்டுவந்து, கட்டணம் கட்டி, அவர்கள் இயந்திரத்தில் போட்டு, என்ன வருகிறது என்று பார்க்கலாம்.

இதில்தான் முதல் பசுமை இருக்கிறது என்பேன். புதிதாகத் தொழிலில் இறங்குகிறவர் கடன் வாங்கிப் பெரிய இயந்திரமாக வாங்கிவிடுவார். சரக்கு கால்வாசிக்குக்கூட ஓடாது. மோட்டார் மட்டும் முழுசாக மின்சாரம் குடிக்கும். ஊருக்கு ஊர் பார்த்தால் துருப்பிடித்த தவறான இயந்திரங்களின் சுடுகாடே இருக்கிறது. பத்துப் பேர் ஒரே டிரையரை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்பது டிரையருக்கான இரும்பும் கடனும் மிச்சம். யாரும் இதைப் பச்சை நிறத்தில் அச்சடித்துக் காட்டுவதில்லை.

அப்புறம் வந்தது கதையின் வில்லன். கையடக்கமான ஒரு பெட்டி. ஈரப்பத மீட்டர்.

நன்னிலம் பக்கத்தில் இந்தப் பெட்டியைப் பார்த்தால் பெரியவர்கள் முகம் கறுக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று இது காட்டிவிட்டால் நெல் திரும்ப ரோட்டுக்குத்தான் போக வேண்டும். காய வைத்து, மழைக்குப் படுதா போட்டு, மறுநாள் மறுபடி வரிசை. மழைக்காலம் வந்தால் 22 வரை தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போவதும், குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் எங்களுக்குத் தீபாவளி மாதிரி வருஷா வருஷம். அப்படிப்பட்ட பெட்டியை இங்கே ஆளாளுக்குக் கையில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். உள்ளே போகிற தானியம் எவ்வளவு ஈரம், டிரையரிலிருந்து வெளியே வந்தபோது எவ்வளவு, வறுத்த பிறகு எவ்வளவு, அரைத்த பிறகு எவ்வளவு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதச் சொல்கிறார்கள்.

ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கியது. அத்தாச்சி இதுவரை பதம் பார்த்தது பல்லில். பயறை வாயில் போட்டுக் கடித்து 'டக்'கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்று கணக்கு. சந்தேகம் வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பு. "காயாம இருந்துட்டா வண்டு வந்துருமே, அந்தப் பயம்தான்" என்றார். பயத்துக்கு எரித்த விறகு எவ்வளவு என்று யாரும் இதுவரை எழுதி வைத்ததில்லை. நெல் சேமிக்க 14 சதவீதம் போதும் என்றால் 10 வரை காய வைப்பது விறகையும் வீணாக்கி எடையையும் இழப்பது. எண் தெரிந்தால் அடுப்பை அணைக்கலாம். நான் இதுவரை கேட்ட பசுமைச் சொற்பொழிவுகள் அத்தனையையும் இந்த ஒரு வரிக்கு மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

கொட்டகைக்குத் திரும்பிய பிறகு அவர் செய்த முதல் மாற்றமும் அடுப்பில்தான். முன்பெல்லாம் திங்கள் அரிசி, புதன் பயறு, வெள்ளி உளுந்து என்று வறுப்பார். ஒவ்வொரு முறையும் குளிர்ந்த இரும்புச் சட்டியையும் குளிர்ந்த அடுப்பையும் முதலிலிருந்து சூடாக்க வேண்டும். இப்போது ஒரே நாள். சட்டி சூடேறியதும் அடுத்தடுத்து எல்லாம். கடைசித் தணலில் சுக்கு. புது இயந்திரம் கிடையாது, மானியம் கிடையாது. நாள் மாறியது, அவ்வளவுதான்.

அன்று அந்த ஹாலில் எங்களோடு வந்த ஒரு பையனைச் சொல்ல வேண்டும். பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. கொப்பரைக்குத் தேங்காய் உடைக்கும்போது முற்றின தண்ணீர் தரையில் ஆறாக ஓடும். ஈ மொய்க்கும். அதைப் புளிக்க வைத்து வினிகர் ஆக்கலாம் என்று கேள்விப்பட்டு வந்திருந்தான். அத்தாச்சிக்கு அவன் மேல் ஒரே பிரியம். "கழுநீர்ப் பானைய மாட்டுக்கு வைக்கிற மாதிரிதானே இது? எங்க அம்மா செஞ்சதுதான். நீ பாட்டில்ல ஊத்தி லேபிள் ஒட்டப்போறே" என்றார். பையன் முதலில் முழித்தான். அப்புறம் நோட்டில் எழுதிக்கொண்டான்.

தலைப்பில் சொன்ன உமிக்கு வருவோம். நெல்லைத் தொழிலாக்க வருகிற எல்லாரும் அரிசியை எடை போடுவார்கள். இங்கே நான்கு பாத்திரம்: அரிசி, குருணை, தவிடு, உமி. உள்ளே போன எடையும் வெளியே வந்த நான்கின் கூட்டுத்தொகையும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ சிந்துகிறது. நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமி. அதை எரித்தால் மூன்று கிலோவுக்கு ஒரு லிட்டர் டீசல் அளவுக்குச் சூடு கிடைக்கும். எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எங்கள் வீட்டுத் தாத்தாக்கள் உமிக்கரியில் பல் தேய்த்தார்கள். பாட்டிகள் அதிலேயே பித்தளைச் செம்பைத் தேய்த்தார்கள். இதே உமியை வாயுவாக்கி, மின்சாரம் எடுத்து, 2007-லிருந்து பீகார் கிராமங்களில் விளக்கெரித்தது ஹஸ்க் பவர் என்ற நிறுவனம். இதையெல்லாம் கேட்ட அத்தாச்சிக்கு வாய் பிளந்துவிட்டது. மாமாவுக்கு அங்கிருந்தே போன்: "உமிக்கும் எடை போடுறாங்க! நீங்க போன வாரம் செங்கச் சூளைக்காரனுக்குச் சும்மா அள்ளிக் குடுத்தீங்களே, எத்தன சாக்கு?" மறுமுனையில் நீண்ட மௌனம்.

தவிட்டிலும் ஒரு பாடம். பட்டை தீட்டாத அரிசிக்கு நகரத்தில் கிராக்கி. ஆனால் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. அரைத்ததும் உள்ளிருக்கும் நொதி அந்த எண்ணெயைப் பிடித்துக்கொண்டு சிதைக்க ஆரம்பிக்கும். அதுதான் அந்தச் சிக்கு வாடை. சூடு காட்டினால் நொதி அடங்கும். அத்தாச்சியின் முதல் வருஷ மாவு இரண்டு மாதத்தில் ஏன் பழைய எண்ணெய் நாறியது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கவுனியை அவர் வறுக்காமல் அரைத்திருந்தார், நிறம் மாறிவிடும் என்று.

இனி அடி விழுந்த இடம். காகிதப் பை.

பயிற்சியில் பொட்டலம் கட்டுவது பற்றிப் பேச்சு வந்தபோது அத்தாச்சி எழுந்து நின்று தன் பையைத் தூக்கிக் காட்டினார். கைதட்டல் எதிர்பார்த்திருப்பார். வந்தது ஒரு கேள்வி: உள்ளே பூச்சு உண்டா? இல்லை. அப்படியென்றால் காற்றில் உள்ள ஈரம் நேரே மாவுக்குள் போகும். சோதனைக் கூடங்களில் இதற்கென்றே ஒரு அலமாரி உண்டு: 38 டிகிரி சூடு, 90 சதவீத ஈரக்காற்று. கிட்டத்தட்ட நாகப்பட்டினத்தின் ஒரு புழுக்கமான மதியத்தைப் பெட்டிக்குள் அடைத்தது போல. பொட்டலத்தை அதில் வைத்தால் மாதக்கணக்கில் நடக்க வேண்டியது வெகு சீக்கிரம் நடந்துவிடும். மாவு கட்டி தட்டும், பூசணம் வரும். 'பிளாஸ்டிக் இல்லாதது' என்று அச்சடித்த பையில் இருந்த மாவு கடைசியில் குப்பைக்குப் போகும்.

அத்தாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் நடத்தியது. ஊரே அந்தப் பக்கம் போகும்போது இவர்கள் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குகிறார்களா? நானும் அப்படித்தான் கோபப்பட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி விழுகிறது. வீணாகும் உணவால் வரும் வெப்ப வாயுக்கள் உலக மொத்தத்தில் 8 முதல் 10 சதவீதம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. ஒரு கிலோ கவுனி மாவுக்குப் பின்னால் மேட்டூர்த் தண்ணீர், நடவு, களை, அறுவடை, விறகு, அத்தாச்சியின் முதுகு வலி எல்லாம் இருக்கின்றன. அதைக் காப்பாற்றச் சில கிராம் உறை. எதைக் கொடுத்து எதைக் காப்பாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. சரியான பதில் என்று ஒன்று கிடையாது, எங்கே எத்தனை நாளில் விற்கிறது என்பதைப் பொறுத்த பதில்தான் உண்டு.

அத்தாச்சி நம்பவில்லை. நம்பாததுதான் அவர் அழகு. வீட்டுக்கு வந்து தானே சோதனை வைத்தார். ஒரே மாவு, மூன்று பொட்டலம்: வெறும் காகிதம், உள்ளே மெல்லிய பூச்சு போட்ட காகிதம், ஒரே வகைப் பாலித்தீன் பை. மூன்றையும் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன மின்தராசில் எடை போட்டு எழுதி, அடுப்படிப் பரணில் வைத்துவிட்டார். ஐப்பசி மழை விடாமல் கொட்டிய மாதம். பிறகு எடுத்துப் பார்த்தால் வெறும் காகிதப் பை எடை கூடியிருந்தது! மாவு வளருமா? ஈரம் குடித்திருக்கிறது. கையில் அமுக்கினால் கொழுக்கட்டை பிடிக்கலாம் போல இருந்தது. மற்ற இரண்டும் வைத்தது வைத்தபடி. "காகிதம் என்னைய ஏமாத்திடுச்சு தம்பி" என்றார், கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை சரியில்லை என்று சொல்கிற குரலில்.

பூச்சு போட்ட காகிதமும் தீர்வு இல்லை என்று அவர் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு. காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்ட உறையைப் பழைய காகிதக்காரரும் எடுப்பதில்லை, பிளாஸ்டிக் பொறுக்குகிறவரும் எடுப்பதில்லை. பார்ப்பதற்குப் பச்சை, குப்பை மேட்டில் அநாதை. ஒரே வகைப் பிளாஸ்டிக் என்றால் உருக்க வழி உண்டு. தூரத்துக்குப் போகிற சரக்கு இனி அதில்தான் என்று முடிவு செய்தார். உள்ளூர் சரக்குக்கு என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அதில் எனக்கே ஆர்வம் குறைவு. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு ஆரம்பித்த குறு உணவுத் தொழில்கள் திட்டத்தில் முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், வங்கிக் கடனோடு ஒட்டிய மானியம் என்று அறிவித்தார்கள். சுய உதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். தருகிற டான்சீட் நிதி பொதுவாக 10 லட்சம். பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம், பெண்கள் தலைமை என்றால் 15 லட்சம், பதிலுக்கு 3 சதவீதப் பங்கு. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாயாகத்தான் இருந்தது. காகிதத்தில் எல்லாம் சர்க்கரைப் பொங்கல். கடன் கேட்டு அத்தாச்சி ஏறி இறங்கிய ஒரு இடத்தில், பெயர் எதற்கு, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்று மூன்று முறை சொன்னார்கள். நான்காவது முறை அவர் வீட்டுக்காரரை அழைத்துப் போகவில்லை. எழுதி வைத்த நோட்டை எடுத்துப்போனார். எவ்வளவு நெல், எவ்வளவு உமி, எவ்வளவு விறகு, எத்தனை பொட்டலம் திரும்பி வந்தது. மிஷின் காலேஜ் பழக்கிவிட்ட அதே நோட்டு. பக்கம் பக்கமாகப் புரட்டிய பிறகு அந்த மேஜையில் பேச்சுத் தொனி மாறியது என்று சொன்னார். கடன் இன்னும் வரவில்லை. தொனி மாறியதே அவருக்குப் பெரிசு.

திருச்சியில் 1986-லேயே பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து டிரெக்-ஸ்டெப் என்ற தொழில்முனைவோர் பூங்கா வந்துவிட்டது. சென்னையில் 2001-லிருந்து வில்க்ரோ சமூகத் தொழில்களை அடைகாக்கிறது. ஆக, தமிழ்நாட்டுக்கு இன்குபேஷன் மையம் புதிதல்ல. ஆனால் எங்கள் பக்கத்துக்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். ஹைட்ரோகார்பன் துரப்பணம், தோல் பதனிடுதல், உருக்காலை போன்றவற்றைப் புதிதாக இங்கே கொண்டுவர முடியாது. போராடி வாங்கிய சட்டம், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிள்ளைகள் வேலைக்குத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? புகை வராத வேலை ஒன்று ஊரில் வேண்டுமென்றால் அது வயலிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து கொட்டகைக்கும் நீள்வதாகத்தான் இருக்க முடியும்.

அதற்கான பழக்கமும் இங்கே இல்லாமல் இல்லை. சம்பா, தாளடி அறுப்பதற்குச் சில நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது எங்கள் வழக்கம். நெல் தரிசுப் பயறு. தனியாக உழவு இல்லை, தண்ணீர் இல்லை, மிச்ச ஈரமும் பனியும் போதும். மண்ணுக்குத் தழைச்சத்து வேறு. அத்தாச்சியின் மாவில் இருக்கிற பயறும் உளுந்தும் அப்படி வந்தவைதான். ஆனால் இதை அவர் பொட்டலத்தில் எங்கேயும் போடவில்லை. 'பிளாஸ்டிக் இல்லாதது' என்று போடத் தெரிந்தவருக்கு, தண்ணீர் பாய்ச்சாமல் விளைந்த பயறு என்று போடத் தோன்றவில்லை. "அது எல்லாரும் செய்யறதுதானே?" என்றார். பெரிய பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்துத் தேடுகிற செய்தியை நாங்கள் 'அது சும்மா' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

குறை சொல்லாமல் விட்டால் விளம்பரம் ஆகிவிடும். நன்னிலத்திலிருந்து போய் வர ஒரு முழு நாள். மாடு கறக்கிற, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள பெண்ணுக்கு அந்த ஒரு நாள் சாமானியம் இல்லை. பயிற்சிச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதோடு தொழிலை மறந்தவர்கள் எத்தனை பேரை வேண்டுமானாலும் காட்டுவேன். அப்புறம் அந்த நீல நிறச் செருப்பு உறை. சிக்கனத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வெளியே வந்து அதைக் கழற்றிக் கூடையில் போடும்போது அத்தாச்சி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

போன மாதம் நன்னிலம் போயிருந்தேன். எங்கள் ஊர்ச் சிவனுக்கு மதுவனேஸ்வரர் என்று பெயர். விருத்திராசுரனுக்குப் பயந்த தேவர்கள் தேனீயாக மாறி இங்கே ஒளிந்திருந்து பூஜித்தார்கள் என்று தல புராணம். கோச்செங்கட் சோழன் எடுப்பித்த மாடக்கோயில், சுந்தரர் பாடியது. தேனீயைவிடச் சிக்கனமான கொட்டகை உலகத்தில் உண்டா என்று படியேறும்போது நினைத்துக்கொண்டேன். இறங்கி நேரே அத்தாச்சி வீட்டுக்குப் போனேன்.

திண்ணையில் ஒரு பெரிய எவர்சில்வர் டிரம், ஒரு தராசு, பக்கத்தில் சிலேட்டில் அன்றைய தேதி: என்றைக்கு அரைத்தது, என்றைக்குள் தீர்க்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்குப் பையே கிடையாது. சம்படத்தைக் கொண்டுவா, அளந்து வாங்கிக்கொண்டு போ. பதினைந்து நாளில் தீர்ந்துவிடும் மாவுக்கு எதற்கு உறை? உமி சாக்கு ஐந்து வரிசையாக அடுக்கியிருந்தது, ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் எடை. மாமா அதை ஒட்டி நடக்கும்போது கொஞ்சம் ஒதுங்கியே நடந்தார்.

நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கீழத்தெருப் பெரியவர் ஒருவர் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். அத்தாச்சி வாங்கித் தராசில் வைத்து மாவை அள்ளப் போனார்.

"இரும்மா இரும்மா. பாட்டில் எடையக் கழிச்சியா?"

"கழிச்சாச்சு பெரியப்பா."

"மூடியோடயா, மூடி இல்லாமயா?"

அத்தாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாவைத் திரும்ப டிரம்மில் கொட்டி, மூடியைப் போட்டு, முதலிலிருந்து எடை போட ஆரம்பித்தார்.